ஹார்வர்டில் படித்தவர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஹார்வர்டில் படித்த தமிழர்கள் ஏராளம். சுங்கை பட்டாணிச் சந்தையில் உங்கள் பக்கத்தில் நின்று மீனுக்குப் பேரம் பேசுகிறவர் ஹார்வர்டுக்காரராக இருக்கலாம். டப்ளினில் படித்தவர்கள் கூலிம் பக்கம் லாரி ஓட்டுகிறார்கள். விக்டோரியாவில் படித்தவர்கள் பாடாங் செராயில் ரொட்டி சானாய் வீசுகிறார்கள். அமெரிக்காவும் அயர்லாந்தும் பதற வேண்டாம். ஹார்வர்ட் என்பது பீடோங் தோட்டம். டப்ளினும் விக்டோரியாவும் கூலிம் வட்டாரத்துத் தோட்டங்கள். காட்டை அழித்து ரப்பர் நட்ட துரைமார், இந்த மண்ணுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்குமே என்று விசாரிக்க நேரமில்லாமல், வாயில் வந்ததை வைத்துவிட்டுப் போனார்கள். நான் படித்த தோட்டத்துக்கு அவ்வளவு பெரிய பெயர் கிடையாது. இனி சொல்லப்போகும் சங்கதிகளைப் பார்த்தால், பெயரைச் சொல்லாமல் விடுவதே அதற்கு மரியாதை.

பெரிய விடுதிப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் வழுவழுத் தாளில் மலர் போடுகிறார்கள். கோலா கங்சாரில் 1905இல் தொடங்கிய மலாய்க் கல்லூரிக்குக் ‘கிழக்கின் ஈட்டன்’ என்று பட்டமே உண்டு. ராஜா வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம். அங்கே மணி உண்டு, வார்டன் உண்டு, வருகைப் பதிவு உண்டு, ஆயிரம் கட்டுப்பாடு உண்டு. தோட்டத்தில் இதில் எது இல்லை? நாங்களும் தங்கிப் படித்தவர்கள்தான். கோலா கங்சார் பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொண்டது. தோட்டம் அப்பா, அம்மா, பாட்டி, ஆடு, கோழி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் செலவும் மிச்சம். ஆகவே எங்கள் விடுதிப் பள்ளிக்கும் ஒரு சரித்திரம் தேவை. துரைமார் எழுதி வைத்ததில் நாங்கள் தலைக்கணக்காக மட்டுமே வருகிறோம்.

தோற்றம்

எங்கள் சரித்திரம் 1025இல் தொடங்குகிறது என்பது மேடைப் பேச்சாளர்களின் கட்சி. அந்த ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பி, இன்றைய கெடாவாகிய கடாரத்தை அடித்தான். ‘கடாரம் கொண்டான்’ ஆனான். வந்த வேலை முடிந்ததும் படை திரும்பிவிட்டது. கொண்டவன் ஒருநாளும் விடிகாலைப் பெரட்டில் பெயர் கொடுக்க நின்றதில்லை. ஒன்பது நூற்றாண்டு கழித்து நாங்கள் வந்தோம். இந்தத் தடவை கடாரம் எங்களைக் கொண்டது.

1909இல் சயாம் தன் பிடியில் இருந்த கெடாவைப் பிரிட்டிஷாரிடம் விட்டுக்கொடுத்தது. ரப்பர் விலை ஏறியிருந்த காலம். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார். ஆளோடு பிள்ளைகளும் வந்தார்கள். 1923இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் ஒரு கணக்குப் போட்டது: 7 முதல் 14 வயதுக்குள் ஓர் இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் தோட்டத்தில் இருந்தால், முதலாளி பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். ஒன்பது வரைக்கும் மட்டுமே எண்ணத் தெரிந்த துரைமாரும் அப்போது இருந்திருப்பார்கள். கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். இருந்தாலும் பள்ளி இருந்தால் ஆள் நிற்கும், ஆள் நின்றால் ரப்பர்ப் பால் வரும் என்ற பாடம் இங்கேயும் சீக்கிரமே புரிந்தது.

கட்டடம் என்று தனியாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையின் ஓரத்தில் ஒரு தட்டி வைத்தால் பள்ளிக்கூடம். வாத்தியார் என்று தனியாக ஆளும் வேண்டியிருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோ மிச்ச நேரத்தில் பாடம் நடத்தினார். நான்காம் வகுப்பு இருந்தால் அது பெரிய பள்ளி. அதற்கு மேல் படித்தால் பிள்ளைக்குப் பால் வெட்டும் உளி பிடிக்கக் கை கூசும் என்று நிர்வாகம் அக்கறைப்பட்டது.

விடுதி விதிகள்

விடியுமுன் மணி. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வெட்டிய கோட்டிலேயே உறைந்துவிடும். ஆகவே மரத்தின் உடல்நிலையை அனுசரித்து மனிதர்கள் எழுந்தார்கள். பெரட்டுக் களத்தில் கிராணி விளக்கைப் பிடித்துப் பெயர் கூப்பிடுவார். அப்பாமார் அங்கே ஆஜர் சொல்லிவிட்டுப் போன பிறகு, நாங்கள் பள்ளியில் ஆஜர் சொல்வோம். இரண்டு தலைமுறையும் ஒரே நாளில் ஆஜர் சொன்ன விடுதிப் பள்ளி ஈட்டனில்கூடக் கிடையாது.

பெரிய துரை வார்டன். அவர் பங்களா மேட்டில் இருக்கும், எங்கள் லயத்து வரிசை வீடுகள் பள்ளத்தில். சைக்கிளில் போகிறவன் துரையைக் கண்டால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இதை நான் சிரிப்புக்காகச் சொல்வதாக நினைத்தால் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். சம்பளம், வேலை நேரம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது ஆகியவற்றோடு, துரை எதிரிலும் சைக்கிள் ஓட்ட அனுமதி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்களும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்பது இன்னொரு கோரிக்கை. மாமன் மச்சானைப் பார்க்க வார்டனிடம் அனுமதிச் சீட்டு. விடுதி என்று நான் ஏன் சொல்கிறேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

1948இல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, வேலைக்குப் போகும்போது தூக்குச்சட்டியில் சோதனை. பசியாறுவதற்கே அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். 1960 வரை நீடித்த இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு எந்த விடுதிக்காரன் வந்து “எங்க ஹாஸ்டல்ல கேட்டை ஒன்பது மணிக்கே பூட்டிடுவாங்க” என்று புலம்பினாலும் எங்கள் ஆட்களுக்குக் கொட்டாவிதான் வரும்.

வாத்தியார்

நான் படித்த அறுபதுகளில் வகுப்புகள் ஆறு, கூடம் ஒன்று, வாத்தியார் பெரும்பாலான நாட்களில் ஒருவர். முதல் வகுப்பு ‘அ’ எழுதும். இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். மூன்றாம் வகுப்பு ஆத்திசூடி ஒப்பிக்கும். ஆறாம் வகுப்பு மலாய்ப் புத்தகத்தைப் பிரித்து வைத்து வாத்தியாருக்கே சந்தேகம் கிளப்பும். எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததால், ஆறாம் வகுப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பாடம் எங்களுக்கு ஆறாவது தடவை. இன்றைக்கு இதே ஏற்பாட்டுக்குப் புதுப் பெயர் வைத்துத் தனியார் பள்ளிகள் கட்டணம் வாங்குகின்றன.

அதற்கு முந்திய அண்ணன்மார் காலத்தில் பாடப்புத்தகம் மதராஸிலிருந்து கப்பலில் வந்தது. காவிரி எங்கே உற்பத்தியாகிறது, எந்த ஊர்களைத் தொட்டு எங்கே கடலில் கலக்கிறது என்று என் அண்ணன் மூச்சு விடாமல் சொல்வான். மூடா ஆறு எங்கே போகிறது என்று கேட்டால், “குளிக்கிற எடத்தத் தாண்டி அந்தப் பக்கம்” என்பான். நாட்டின் நெற்களஞ்சியம் கெடா. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை வயல். நெல் எப்படி விளைகிறது என்பதை நாங்கள் தஞ்சாவூர்ப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

ரோத்தான் என்கிற பிரம்பு சீனர் மளிகைக் கடையில் கட்டாகத் தொங்கும். அதை வாங்கி வரும் பொறுப்பு, அன்றைக்கு அடி வாங்கப்போகிறவனுடையது. தடித்ததாக வாங்கினால் அவனுக்கு வலிக்கும்; மெல்லியதாக வாங்கினால் இன்னும் அதிகமாக வலிக்கும்; வாங்காமல் வந்தால் கைக்கு அகப்பட்டது பாயும். முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அந்தக் கடை வாசலில் கற்றேன். வீட்டில் போய் அழவும் வழியில்லை. “கண்ண மட்டும் விட்ருங்க வாத்தியாரய்யா, மத்ததெல்லாம் ஒங்க பொறுப்பு” என்று அம்மாவே சேர்க்கும்போது எழுதாத ஒப்பந்தம் போட்டிருந்தார். இப்போது கூடும்போதெல்லாம் அடி வாங்கிய கதைகளை வயிறு குலுங்கச் சிரித்துச் சொல்கிறோம். அடி பொறுக்காமல் பள்ளியை விட்டே ஓடியவர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. அதனால் சிரிப்புக்குக் குறைவில்லை.

மாலையில் வாத்தியாருக்கு வேறு உத்தியோகம். ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் படித்துச் சொல்வார், பதில் எழுதுவார். யாருக்கு ஊரில் கடன், யார் நிலம் போயிற்று, யாருக்கு அங்கே இன்னொரு குடும்பம் எல்லாம் அவருக்குத் தெரியும். கங்காணிகூட அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்திப் பேசியதற்குக் கல்வியின் மேல் இருந்த மதிப்பு ஒரு காரணம். மற்றக் காரணம் அந்தக் கடிதங்கள்.

மரபுகள்

எங்கள் மரபுகளில் முதன்மையானது ரப்பர்க் கொட்டை. சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்தால் கொட்டை சுடும். அதை முன்வரிசைக்காரன் தொடையில் வைப்பது புது மாணவர்களுக்கான வரவேற்பு. அடுத்தது பல் நர்ஸ். அரசாங்க வேன் செம்மண் சாலையில் திரும்பும் சத்தம் கேட்டால் பாதிப் பள்ளி ரப்பர்க் காட்டுக்குள் மறைந்துவிடும். விளையாட்டுப் போட்டிக்கு மைலோ வேன் வந்தாலோ படிக்காத பிள்ளை, படித்து முடித்த பிள்ளை, பள்ளி வயது எட்டாத பிள்ளை எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கு மட்டும் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறைத் தாண்டும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு பள்ளி நாள். மூடா ஆற்றுக்கு அந்தக் கரையில், செபராங் பிறையில், ஞாயிறுதான் விடுமுறை. அங்கிருந்து அத்தை பிள்ளைகள் சட்டை போட்டு, பவுடர் பூசி, எங்களைப் பார்க்க வருவார்கள். நாங்கள் பள்ளியில் முட்டி போட்டிருப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம். வாத்தியாரே ஆசிரியர், இயக்குநர், ஒப்பனையாளர், திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவர். அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்கும் கட்டத்தில், கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்த ஒருவர் மேடையேறி, “எவ்வளவு வேணும், நான் கட்றேன்!” என்று சந்திரமதிக்காகச் சண்டை போட்டார். உண்மைக்காக எல்லாவற்றையும் இழந்த ராஜாவைக் காப்பாற்ற முன்வந்த ஒரே குடிமகன் அவர்தான். மறுநாள் வாத்தியார் அவரைத் திட்டவில்லை.

ஆண்டுக்கொரு சுற்றுலா. தோட்டத்து லாரியில் கோலா கெடாவுக்கு. பாதி வழியிலேயே கட்டுச்சோறு தீரும், மீதி வழியில் அது வெளியே வரும். ஆற்றின் முகத்துவாரத்தில் பழைய கோட்டை. பீரங்கி மேல் கை வைத்துக்கொண்டு வாத்தியார் முழங்கினார்: “இது நம்ம ராஜேந்திர சோழன் கட்டுன கோட்டைடா!” கோட்டை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெடா சுல்தான் கட்டியது, 1821இல் சயாம் படை வந்து பிடித்தது. சோழன் வந்துபோய் ஏழரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஏழரை என்றாலே நம்மவர்களுக்குத் தொல்லைதான். ஆனால் அன்றைக்கு லாரியில் திரும்பும்போது பெரட்டில் நிற்பவர்களின் பிள்ளைகளாகிய நாங்கள் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தோம். சரித்திரத்தில் அவருக்குச் சைபர் போடலாம். வாத்தியார் வேலையில் போட முடியாது.

கொடிப் பாடம்

எங்களுக்கு முந்தியவர்களின் பாடத்திட்டம் இன்னும் பெரியது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை உடைந்தது, ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரம் ஆக்கினான். பால்மரம் மட்டும் பழைய நேரத்துக்கே வடிந்தது. 1943 அக்டோபரில் கெடாவைத் தாய்லாந்திடம் கொடுத்தான்; மாநிலத்தின் பெயர் சைபுரி ஆயிற்று. 1945இல் பிரிட்டிஷார் திரும்பினார்கள். ஆக, ஒரு பிள்ளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்கு வருவதற்குள் மூன்று நாட்டுக் கொடியைப் பார்த்தது. பள்ளி திறந்திருந்த நாட்களில் எந்தப் பாட்டுக்கு விறைப்பாக நிற்பது என்று வாத்தியாருக்கே குழப்பம் வந்திருக்கும்.

சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போனதும் அந்த ஆண்டுகளில்தான். அந்தப் பெயர்களைக் கிராணி கூப்பிட்டபோது பதில் வரவில்லை. அதைப் பற்றி எங்கள் பெரியவர்கள் ஒருவர்கூட ஒரு வேடிக்கைக் கதையும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

போர் முடிந்ததும் விடுதியில் முதல் கலகம். 1946-47இல் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை நடத்தினார். படையின் முதல் எதிரி துரை அல்ல, கள்ளுக்கடை. கூலி வாங்கிய கை அதைத் துரையின் அனுமதியோடு நடக்கும் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டை உடைக்கப் பார்த்தார்கள். பீடோங்கில் மறியல், போலீஸோடு மோதல், உயிர்ச்சேதம், வழக்கு, சிறை. குடிக்காதே என்று சொன்னதற்காக மாணவர்களை அடித்த விடுதி நிர்வாகம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எதிர்க்கட்சிப் பள்ளி

கெடாவின் பெரிய பள்ளி அலோர் ஸ்டாரில். 1908இல் அரசாங்க ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கிப் பிறகு சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரி ஆயிற்று. முதல் தலைமையாசிரியர் முகமது இஸ்கந்தர். பினாங்கிலிருந்து வந்தவர், தந்தை வழி கேரளத்தைச் சேர்ந்தது. அங்கே படித்தவர்களில் ஒருவர் சுல்தான் மகன் துங்கு அப்துல் ரஹ்மான். சிறுவயதில் அரண்மனைச் சேவகர் தோளில் ஏறிப் பள்ளிக்குப் போனவர். நாங்களும் தோளில் சுமை இல்லாமல் போனதில்லை, திசைதான் மாறியிருந்தது.

இன்னொரு மாணவர் அந்தத் தலைமையாசிரியரின் மகன் மகாதீர். அப்பாவின் இருமல் வாசலில் கேட்டாலே பிள்ளைகள் புத்தகத்துக்குப் பாய்வார்களாம். ஜப்பான்காரன் காலத்தில் படிப்பு நின்றதும் மகாதீர் காப்பியும் வாழைப்பழப் பலகாரமும் விற்றார். ஒருவர் முதல் பிரதமர், மற்றவர் நான்காவது; போதாதென்று ஏழாவதும். 1969இல் மகாதீர் துங்குவைக் கண்டித்துக் கடிதம் எழுதிக் கட்சியை விட்டு நீக்கப்பட்டார். மறு ஆண்டு துங்கு பதவி விலகினார். பழைய மாணவர்கள் சண்டை என்றால் எங்கள் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு நாற்காலி பறக்கும். அவர்கள் சண்டையில் நாடே ஆடியது. நல்ல பள்ளிக்கும் சின்னப் பள்ளிக்கும் தரத்தில் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது.

வெளியேறும் தேர்வு

எங்கள் பள்ளியில் சேருவது சுலபம், பிறந்தால் போதும். வெளியேறுவதுதான் கடினம். ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனால், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு முதலில் ஓராண்டு ‘ரிமூவ்’ வகுப்பு. மொழி ஏறட்டும் என்று ஏற்பாடு. ஏறியது. ஆனால் டவுன் பிள்ளைகளை விட ஒரு வயது மூத்தவர்களாக, மீசை முளைத்தபடி முதல் படிவத்தில் உட்கார்ந்தோம். பஸ் காசு இல்லாமல் அந்த ஓராண்டிலேயே கரைந்துபோனவர்கள் பலர். அவர்களுக்குப் பெரட்டில் இடம் காலியாகவே இருந்தது.

இந்தச் சரித்திரத்தின் வினோதமான அத்தியாயம், விடுதிக்காரர்கள் விடுதியையே விலைக்கு வாங்கியது. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாயின; ஆட்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1960இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பத்து பத்து வெள்ளியைச் சேர்த்து வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவின் புக்கிட் சீடிம். பெரட்டுக்கு அப்போதும் அதே நேரத்தில்தான் மணி அடித்தது. தூக்கத்தில் திட்டுவதற்கு வெளியாள்தான் யாரும் இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. பள்ளிகள் சில தோட்டத்துப் பெயரை மட்டும் சுமந்துகொண்டு டவுனுக்குக் குடிபெயர்ந்தன. 2001இல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தொடங்கியது. இப்போது பீடோங்குக்குப் பக்கத்தில் செமிலிங்கில் இருக்கிறது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கி மருத்துவம் படிக்கிறார்கள். சாப்பாடு சரியில்லை என்று புகார் சொல்கிறார்களாம். படிப்பு நன்றாகவே ஏறியிருக்கிறது.

சங்கம்

எங்கள் பழைய மாணவர் கூட்டம் ஆண்டுதோறும் சுங்கை பட்டாணியில் ஒரு மண்டபத்தில் நடக்கிறது. வாத்தியார் படத்துக்கு மாலை போடுவோம். பிறகு தலைவர் பேசுவார். இந்த வருடம் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று குரல் கம்மப் பேசினார். பள்ளியை மூடவிடக் கூடாது, அது நம் உயிர் என்றார். எல்லோரும் கை தட்டினோம். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, “அண்ணே, ஒங்க பேரன் எந்தப் பள்ளியில படிக்கிறான்?” என்று கேட்டான்.

தலைவர் தண்ணீர் குடித்தார். பேரன் படிப்பது பினாங்கு இண்டர்நேஷனல் பள்ளியில். கேட்ட தம்பியின் மகள் சீனப் பள்ளியில். என் பேத்தி எங்கே படிக்கிறாள் என்று கேட்டுவிடுவார்களோ என்று நான் குனிந்து செருப்பைத் தேடினேன். தோட்டத்தை விட்டு வெளியே போவதற்காகத்தான் அந்த வாத்தியார் எங்களை அத்தனை அடி அடித்தார். அதில் அவர் முழு வெற்றி பெற்றுவிட்டார் என்பது அந்த நிமிடத்தில் தெரிந்தது. பள்ளியைக் காப்பாற்ற ஒரு துணைக்குழு அமைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். குழுவில் சேர ஆள் கேட்டபோது, சாப்பாடு ஆறுகிறது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.